அஞ்சு மரக்கால் நேரம்

செங்கேணி ஜெயித்தவை வரிசைப்படி இவை. முதலாவது, பிறந்த ஒன்பதாம் நாள் வந்த ஜன்னி. பார்க்க வந்த மருத்துவச்சி இனி ஒன்றும் இல்லை என்று கையைக் கழுவிவிட்டுத் தெருமுனை தாண்டுவதற்குள் பால் கேட்டு அழுதாள். இரண்டாவது, திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை. பன்றிக் கொட்டகையிலிருந்து நேராக வந்து ஏறுகிறவள் என்று கண்டக்டர் அவளைப் படியோடு நிறுத்தப் பார்த்தார். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு மாதத்தில் அந்த இரண்டு பேர் இருக்கை முழுவதும் அவளுடையதாகிவிட்டது. மூன்றாவது, பண்ணையின் பன்னிரண்டாம் எண் ஆண் பன்றிக் கிடா. கிடா இருநூற்று நாற்பது கிலோ, செங்கேணி நாற்பத்தொரு கிலோ. கதவை முட்டித் திறந்துகொண்டு நடவு வயலில் இறங்கிவிட்ட அதன் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். வாளியிலிருந்து தலையை உருவிக்கொள்ளப் பன்றி பின்பக்கமாகவே நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வாலைப் பிடித்துத் திசை காட்டி, அரை மைல் தூரமும் பின்பக்கமாகவே நடக்கவைத்துக் கொட்டகையில் கொண்டுபோய் அடைத்தாள். நான்காவது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த ஒருவர் எதிரில் இருக்க, ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாமல், படிக்கத் தெரிந்தவருக்குத்தான் என்று வைத்திருந்த அரசாங்க வேலை.

முதல் மூன்றும் ஊருக்கே தெரியும். நான்காவதை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

செங்கேணி 1954-ல் திருப்புலிவனம் காலனியில் பிறந்தாள். அவளுக்கு நான்கு வயது மூத்தவள் மார்த்தாள். அக்காவுக்கு வேதப் பெயரும் தங்கைக்கு அம்மன் பெயரும் இருப்பதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மூத்தவள் பிறந்த வருடம் அப்பா வேதக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இளையவளுக்கு ஜன்னி வந்தபோது அம்மா செங்கேணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் வேலை செய்ததால் யாரும் மாற்றவில்லை. மார்த்தாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். செங்கேணி பதினொரு நாள் பள்ளிக்குப் போனாள். பன்னிரண்டாம் நாள் அறுவடை வந்துவிட்டது.

அப்பா களத்தில் நெல் அளக்கிறவர். செங்கேணியின் வேலை சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்வது. முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக் கூடாது, "லாபம்" என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். மரக்கால் நிரம்பி, தலை வழித்து, சாக்கில் கவிழும் நேரம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அப்பாவின் கைவேகம் அப்படி. பதினைந்து வருடம் சாக்கைப் பிடித்ததில் அந்த வேகம் மகளின் வாயில் தங்கிவிட்டது.

1978-ல் ஊருக்கு வெளியே அரசாங்கப் பன்றிப் பண்ணை ஒன்று வந்தது. நான்கு கொட்டகை, ஓடு வேய்ந்த ஓர் அறை, வெள்ளைச் சீமைப் பன்றிகள் நாற்பது. செங்கேணி தினக்கூலியாகச் சேர்ந்தாள். கழுவுவது, தீனி வைப்பது, குட்டி போடும்போது கூட இருப்பது எல்லாம் அவள்தான். பன்றியின் காதில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு எண் குறித்திருப்பார்கள். வலது காதின் கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால் ஒன்று, இடது காதின் கீழ் ஓரத்தில் இருந்தால் மூன்று, மேல் ஓரத்துக்கு வேறு மதிப்பு, எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டர் கிட்டே போய், காதைப் பிடித்து, விரல் விட்டு எண்ணி, காகிதத்தில் கூட்டுவார். செங்கேணி கொட்டகையின் இந்தக் கோடியில் நின்றபடியே, "அது முப்பத்தி நாலு சார், நீங்க எதுக்கு சேத்துல எறங்குறீங்க" என்பாள்.

டாக்டர் வரதன் 1982-ல் வந்தார். கண்ணாடி போட்டவர், மெலிந்தவர், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். பன்றியின் விந்தை உறையவைத்துப் பாதுகாக்கும் மூன்று வருட ஆராய்ச்சியை அவரை நம்பிக் கொடுத்திருந்தார்கள். மாட்டுக்கு இது நன்றாக வருகிறது. பன்றிக்கு வராது. பன்றியின் விந்தணுவுக்குக் குளிரே ஆகாது. கோழி முட்டையின் மஞ்சள் கருவும் கிளிசரினும் கலந்து, ஐந்து மணி நேரம் மெல்ல மெல்லக் குளிரவைத்து, பேனா பருமனுள்ள, உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து, நைட்ரஜன் புகையில் உறையவைத்து, பால் கேன் போன்ற ஒரு கேனுக்குள் திரவ நைட்ரஜனில் இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு குச்சிக்கும் கிடாவுக்குத் தக்கபடி மஞ்சளோ பச்சையோ சிவப்போ ஒரு மூடி. தேவைப்படும்போது வெளியே எடுத்து ஐம்பது டிகிரி வெந்நீரில் நாற்பத்தைந்து விநாடி போட்டால் உருகும். அதில் பாதியாவது உயிரோடு இருந்தால்தான் பெட்டைக்குச் செலுத்திப் பலன்.

செங்கேணிக்கு இது ஆரம்பத்திலிருந்தே விளங்கவில்லை.

"கடா இங்கியே தான கீது சார். கூப்ட்டா வந்துடும். அத்த எதுக்கு ஐஸ் வெக்கணும்?"

"இங்கே இருக்கும்மா. பெருநகர் கிராமத்துல ஒருத்தன் ரெண்டு பெட்டை வளர்க்கிறான், அவனுக்குக் கிடா இல்லையே. கிடாவை பஸ்ல அனுப்ப முடியுமா?"

செங்கேணி யோசித்துப் பார்த்தாள். "என் சீட்டு பக்கத்துல எடம் கீது சார்" என்றாள்.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார் என்று மார்த்தாள் சொல்வாள். அது உண்மையில்லை.

முதல் ஒன்றரை வருடம் டாக்டரே குச்சியை எடுத்தார், உருக்கினார், செலுத்தினார். பத்தொன்பது பெட்டைகளில் ஒன்று சினை பிடித்து இரண்டு குட்டி போட்டது. 1984 ஜனவரியில் அவருக்கு டைபாய்டு வந்தது. ஓட்டு அறை பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மூன்று பெட்டைகள் அடுத்தடுத்த நாளில் பருவத்துக்கு வந்தன. பருவத்துக்கு வந்த பெட்டையின் முதுகில் ஆள் ஏறி உட்கார்ந்தாலும் அது அசையாது, கல்லாட்டம் நிற்கும். செங்கேணி ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"நிக்குது சார். இன்னா பண்றது?"

"மஞ்சள் மூடிக் குச்சி ஒண்ணு எடு. வெந்நீர்ல போடு. நாற்பத்தஞ்சு செகண்ட். என் வாட்ச் எங்கேன்னு தெரியலையே..."

"வாட்ச் எதுக்கு. எத்தினி மரக்கா சொல்லுங்க."

டாக்டர் கம்பளிக்குள் கையை விட்டு வாட்சைக் கண்டுபிடித்து, அவளை எண்ணச் சொல்லிப் பார்த்தார். பதினைந்து மரக்காலுக்குச் சரியாக நாற்பத்தைந்து விநாடி ஆயிற்று. மறுபடியும் எண்ணச் சொன்னார். அதே பதினைந்து, அதே நாற்பத்தைந்து. காய்ச்சலில் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மூன்றாம் முறை எண்ணச் சொல்லவில்லை.

செங்கேணியே குச்சியை எடுத்து, உருக்கி, செலுத்தினாள். மூன்று பெட்டைகளும் சினை பிடித்தன. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் கழித்து, மே மாதத்தில், ஒன்பது, எட்டு, பத்து என்று இருபத்தேழு குட்டிகள் விழுந்தன. ஆனால் அந்த மே மாதம் வருவதற்குள் பண்ணைக்குச் சுப்பிரமணி வந்துவிட்டார்.

வேறு எங்கோ ஓர் இடத்தில் குச்சி மாறிப்போய்த் தகராறு ஆனதாம். அதனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குச்சியின் மேல் எழுதியிருக்கும் கிடா எண், இனம், தேதி, தொகுதி எண் எல்லாவற்றையும் எடுத்தவுடன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே உருக்க வேண்டும். படித்தவரே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரியாத செங்கேணி குச்சியைத் தொடக் கூடாது என்று ஆயிற்று. ஏப்ரல் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பெருநகரிலிருந்து சுப்பிரமணி தற்காலிகமாக வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருபத்தொரு வயது, வெள்ளைச் சட்டை, முத்து முத்தான கையெழுத்து. நிலபுலன் உள்ள குடும்பம். பன்றிப் பண்ணை என்று வீட்டில் சொல்லாமல் "கால்நடை ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். படிப்பதில் அவருக்கு ஒரு ருசி. கேனிலிருந்து குச்சியை எடுப்பார். வெளியே வந்ததும் அதன் மேல் பனி படிந்து எழுத்து மறைந்துவிடும். கைக்குட்டையால் பனியைத் துடைப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். கோர்ட்டுக் கச்சேரியில் பெயர் கூப்பிடுகிற குரலில், "கிடா எண் பன்னிரண்டு! இனம், பெரிய வெள்ளை யார்க்‌ஷயர்! தேதி..." என்று ஆரம்பித்து முடிவு வரை போய், மறுபடியும் கிடா எண்ணிலிருந்து வருவார். பிறகு வெந்நீரில் போடுவார்.

"கோர்ட்ல கூட இத்தினி நேரம் கூப்புட மாட்டாங்க" என்றாள் செங்கேணி.

"ரூல் ரெண்டு தடவை செங்கேணி. உனக்குத் தெரியாது."

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பதினோரு பெட்டைகள். ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. இருபத்தோராம் நாள் செங்கேணி முதுகில் ஏறி உட்கார்ந்தால், பதினொன்றும் மறுபடி பருவத்துக்கு வந்து கல்லாட்டம் நின்றன. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருகின துளியில் நூற்றுக்குப் பத்துகூட அசையவில்லை.

ஏப்ரல் கடைசியிலேயே அவர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். "உயிர்ப்பைப் பாதிக்கும் காரணங்கள்" என்று தலைப்பு. கிடாவின் வயது, கிடாவின் தீனி, வெயில், முட்டை, கிளிசரின் அளவு, குளிரவைக்கும் வேகம், நைட்ரஜன் மட்டம், வெந்நீரின் சூடு, உருக்கும் நேரம், கலக்கும் திரவம், செலுத்தும் நேரம், செலுத்துபவரின் கை என்று பன்னிரண்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, பலன் இல்லையென்றால் சிவப்புப் பேனாவால் அடித்தார். வெயில் காரணமா என்று பார்க்கக் கிடாக்களின் கொட்டகைக்குக் கீற்று வேய்ந்து தண்ணீர் தெளித்தார்கள். முட்டை காரணமா என்று பார்க்க ஊரில் ஒவ்வொரு வீட்டு முட்டையாக வாங்கி, எந்த வீட்டு முட்டை என்று பென்சிலால் எழுதினார்கள். தங்கள் வீட்டுக் கோழியை டாக்டர் சந்தேகப்படுகிறார் என்று காலனியில் இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டு முட்டை தருவதை நிறுத்தினார்கள். வெந்நீர் காரணமா என்று பார்க்க, டீக்கடைக்குத் தெர்மாமீட்டரை எடுத்துப்போய் அது சரியா தவறா என்று கொதிக்கும் தண்ணீரில் சோதித்தார். டீக்கடைக்காரர் அன்றைக்கு டீ விற்கவே இல்லை. காய்ச்சல் பார்க்கிற கருவியைப் பாய்லரில் போட்டுவிட்டார்கள் என்று வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள்.

மே மாதத்தில் இருபத்தேழு குட்டிகள் விழுந்தபோது டாக்டர் அவற்றைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தார். "ஜனவரியில குளிரா இருந்தது, அதான்" என்று சொல்லி, வெயில் என்று அடித்திருந்ததை அடிக்காததாக மறுபடியும் எழுதினார்.

ஜூன் கடைசியில் கடிதம் வந்தது. பலன் இல்லாத திட்டத்தை மூடுவதா என்று முடிவு செய்ய, திட்டத் தலைவர் டாக்டர் தேவகி ஜூலை பதினொன்றாம் தேதி நேரில் வருகிறார். திட்டம் தொடர்ந்தால் உறைவிந்துப் பணியாளர் என்று ஒரே ஒரு நிரந்தர வேலை. அது கையெழுத்துப் போடத் தெரிந்த சுப்பிரமணிக்கு. மூடினால் ஒருவருக்கும் இல்லை. இரண்டில் எது நடந்தாலும் தினக்கூலிகளை ஜூலையோடு நிறுத்திவிட வேண்டும்.

"ரெண்டு வழிலயும் நான் தான் வெளிய போறேன்" என்று செங்கேணி அன்று சாயங்காலம் மார்த்தாளிடம் சொன்னாள். மார்த்தாள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கூட சத்துணவுக்கு வந்துடேண்டி. சொல்லி வெக்கிறேன்."

"அங்க பன்னி இல்லியே."

மார்த்தாள் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தங்கை அழவில்லை. ஆனால் ஆறு வருடமாகக் கழுவியும் போகாத அந்த வாடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறவள் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். மார்த்தாள் மறுபடியும் கல் பொறுக்கக் குனிந்தாள்.

ஜூலை பதினொன்று, புதன்கிழமை, பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. டாக்டர் தேவகி ஐம்பது வயது அம்மா. கைத்தறிச் சேலை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசாதவர். அவர் பேசாமல் இருக்கும்போதுதான் டாக்டர் வரதனுக்கு அதிகம் வியர்த்தது.

"ஒரு குச்சி உருக்கிக் காட்டுங்க" என்றார்.

சுப்பிரமணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குச்சியை எடுத்தார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். பெரிய அதிகாரி முன்னால் என்பதால் வழக்கத்தைவிட நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் படித்தார். இரண்டு முறையும் படித்தார். பிறகு வெந்நீர். நேரம் முடிந்ததும் எடுத்து, வெட்டி, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் விட்டார். தேவகி மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் பேனாவைத் திறக்கிற நேரம், கதவருகே வெந்நீர்ப் பானையோடு நின்றிருந்த செங்கேணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"அங்கே என்னம்மா முணுமுணுக்கறே? மந்திரமா?"

"மந்திரம் இல்லம்மா. நெல்லு அளந்துக்கினு இருந்தேன்."

"இங்கே எங்கே நெல்லு?"

"நெல்லு இல்லம்மா. கணக்கு மட்டும்."

டாக்டர் வரதனுக்குக் காது சிவந்தது. "மூணு செகண்டுக்கு ஒரு மரக்கால் மேடம். வாட்ச் வெச்சுப் பாத்திருக்கேன். தப்பவே தப்பாது" என்றார்.

தேவகி பேனாவை மூடினார். "சரி, எவ்வளவு வந்தது?"

"தண்ணில பதினஞ்சி. அத்த சரியா தான் எடுத்தாரு. ஆனா தண்ணிக்கி வர்றதுக்கு முன்னயே ஆறு மரக்கா அளந்துட்டாரு. மத்த நாள்ல அஞ்சி. இன்னிக்கி நீங்க வந்துக்கிறீங்கன்னு ஒண்ணு கூட."

"தண்ணிக்கு முன்னேன்னா?"

"எடுத்து, தொடச்சி, வெளிச்சத்துல புடிச்சி, ரெண்டு வாட்டி படிக்கிறாரே. அது."

"மேடம், ரூல் அப்படி இருக்கு" என்றார் சுப்பிரமணி.

"நீ செய்யறப்போ எத்தனை ஆகும்?" என்று தேவகி செங்கேணியைக் கேட்டார்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்மா. மூடி கலர பாப்பேன். கேனுக்குள்ள கை இருக்கிறப்பவே பாத்துருவேன். எடுத்தா லாபத்துக்குள்ள தண்ணில பூடும்."

"லாபமா?"

"மொத மரக்காவ ஒண்ணுன்னு சொல்லமாட்டோம்மா."

ஐஸ் வண்டிக்காரன்கூட மூடியைத் திறந்த கையோடு மூடுகிறானே என்று செங்கேணிக்குச் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். தேவகி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வரதன், உங்க பன்னெண்டு காரணத்துல இது இருக்கா?"

டாக்டர் எழுந்து போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தானே எழுதின காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இல்ல மேடம்" என்றார். பிறகு மெல்ல, "நானும் படிச்சுட்டுத்தான் போடுவேன் மேடம். ஒன்றரை வருஷமா" என்றார்.

காற்றில் மெல்ல இளகும்போதே அணுக்கள் சாகின்றனவா என்று உடனே சோதித்துப் பார்ப்பது என்று ஆயிற்று. ஒரு குச்சியை வெளியே எடுத்து ஐந்து மரக்கால் நேரம் வைத்திருந்து உருக்குவது, இன்னொன்றைப் படிக்காமல் போடுவது. செங்கேணி ஒன்று கேட்டாள். கேனுக்குள் குச்சிகள் மூன்று குவளையில் இருந்தன. தினமும் தூக்கித் தூக்கிப் பார்க்கிற குவளையில் ஏற்கெனவே குளிர் விட்டிருக்கும், அது வேண்டாம், சுப்பிரமணி சார் இதுவரை கை வைக்காத பச்சை மூடிக் குவளையிலிருந்து இரண்டையும் எடுக்கச் சொன்னாள். தேவகி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே கையுறை மாட்டிக்கொண்டார்.

முதல் குச்சியை ஐந்து மரக்கால் வைத்திருந்து போட்டார். இரண்டாவது குச்சியை எடுத்தார். எடுத்த கை தானாக முகத்துக்கு நேரே உயர்ந்தது. இன்னொரு கை மூக்குக்கண்ணாடியைத் தேடியது.

"அம்மா, நீங்களும் படிக்கிறீங்க" என்றாள் செங்கேணி.

தேவகி திடுக்கிட்டுக் கையை இறக்கினார். "இது போச்சு. வேற எடுக்கறேன்" என்றார். அடுத்ததை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவர் கையை வெந்நீருக்கு வழிகாட்டிக் கொண்டுபோனது செங்கேணிதான்.

படித்த குச்சியின் துளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்தது. படிக்காத குச்சியின் துளியில் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வரதன் பார்த்தார், சுப்பிரமணி பார்த்தார், தேவகி மறுபடி பார்த்தார். பிறகு செங்கேணியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆறு வருடத்தில் அவள் அந்தக் குழாயில் கண் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஏரித் தண்ணில தலப்பிரட்டையாட்டம் கீது" என்றாள். கண்ணை எடுக்காமலேயே, "எல்லாம் எங்கியோ அவசரமா போவுது" என்றாள்.

"அப்போ எந்தக் குச்சின்னு சரிபார்க்கறது எப்படி மேடம்? படிக்கவே கூடாதுன்னா ரூல்?" என்றார் சுப்பிரமணி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செங்கேணிதான் பதில் சொன்னாள். "தண்ணில கெடக்கிறப்போ படிங்க சார். பதினஞ்சி மரக்காவும் சும்மா தான நிக்கிறீங்க. ரெண்டு வாட்டி இன்னா, நாலு வாட்டி படிக்கலாம்."

தேவகி சிரிக்கிறவர் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் அவர் லேசில் விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் ஓடினால் போதாது, வயிற்றில் தங்க வேண்டும் என்றார். செங்கேணி எடுத்து, செங்கேணி உருக்கி, மூன்று பெட்டைகளுக்குச் செலுத்தட்டும். மூன்றும் இருபத்தொரு நாளில் திரும்பப் பருவத்துக்கு வராமல் இருந்தால் திட்டமும் தொடரும், வேலையும் அவளுக்கு. ஒன்று திரும்பினாலும் இரண்டும் இல்லை. அதுவரை அவளை நிறுத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார்.

ஜூலை பதினான்கு, பதினாறு, பதினேழு தேதிகளில் முப்பத்தொன்று, முப்பத்து நான்கு, நாற்பது ஆகிய பெட்டைகளுக்குச் செலுத்தினாள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். இந்தத் தடவை பெட்டை கல்லாட்டம் நின்றால் தோல்வி, உதறித் தள்ளினால் வெற்றி. ஆகஸ்டு நான்காம் தேதி முப்பத்தொன்றின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் சேற்றில் கிடந்தாள். சேற்றிலிருந்தபடியே, "தள்ளிடிச்சி சார்" என்று கத்தினாள். ஆறாம் தேதி முப்பத்து நான்கு அவளைத் தீனித் தொட்டியில் போட்டது. இடது முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. மார்த்தாள் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, "உன்ன தள்ளி உட்டுச்சின்னு சந்தோசப்படறவ ஊர்ல நீ ஒருத்தி தாண்டி" என்றாள்.

ஏழாம் தேதி நாற்பதின் முறை. டாக்டரும் சுப்பிரமணியும் கம்பிக்கு வெளியே நின்றார்கள். மார்த்தாளும் சத்துணவுக் கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். செங்கேணி ஏறி உட்கார்ந்தாள். நாற்பது அசையவில்லை. செங்கேணி வழக்கம்போல எண்ண ஆரம்பித்தாள். லாபம். ரெண்டு. மூணு. காது ஆடவில்லை. ஆறு. ஏழு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சுப்பிரமணி வாய்க்குள், "நடந்துடு, நடந்துடு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை மார்த்தாள் கேட்டாள். அந்த வேலை அவருக்குப் போக வேண்டியது. அதை அப்போது அவர் மறந்திருந்தார். பத்து. பதினொன்று. நாற்பது மெல்லத் தலையைத் திருப்பி, செங்கேணியின் முந்தானையை வாயில் கவ்வி, ஒரு முழம் தின்றது. தின்றுகொண்டே நிதானமாக நடந்து போய் நிழலில் படுத்தது. செங்கேணி அதன் மேலிருந்து இறங்கக்கூட இல்லை.

"பருவத்துக்கு வந்தது தீனியத் தொடாது" என்றாள். "இது சேலயவே துன்னுது."

ஆகஸ்டு இருபத்தேழாம் தேதியிட்ட உத்தரவு வந்தது. வேலை செங்கேணிக்கு. சுப்பிரமணிக்குப் பதிவேடுகள் எழுதும் எழுத்தர் வேலை. அதில் அவருக்கு வருத்தமே இல்லை, வீட்டில் சொல்லவும் வசதியாக இருந்தது. ஆனால் உத்தரவின் கடைசி வரியைப் படித்ததும் டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். பணியாளர் கையொப்பமிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கைநாட்டு ஏற்கப்படாது. செப்டம்பர் பதினைந்துக்குள் பதிவேட்டில் கையொப்பம் இல்லையென்றால் உத்தரவு ரத்து.

"பேரு எழுத கத்துக்கமாட்டேன்" என்றாள் செங்கேணி.

"ஏண்டி, பைத்தியமா உனக்கு?" என்றாள் மார்த்தாள்.

"எழுத்து தெரிஞ்சிட்டா கண்ணு அதும்மேல தான் போவும். அந்தம்மா எவ்ளோ படிச்சவங்க, அவுங்களாலயே படிக்காம இருக்க முடியல. உன்னயே பாரு. பஸ்ல போனா செவுத்துல கீற எழுத்த எல்லாம் படிச்சிக்கினே வர்ற. மூல வைத்தியம் கூட உட மாட்ற."

"அது தானா வருதுடி."

"அதான் நானும் சொல்றேன். அப்பறம் என் கையும் கேனாண்ட நிக்கும்."

மார்த்தாள் வாசிக்காமல் எழுத்தைப் பார்ப்பது எப்படி என்று அன்று பஸ்ஸில் முயன்று பார்த்தாள். உத்திரமேரூர் போய்ச் சேருவதற்குள் பதினேழு விளம்பரம் படித்திருந்தாள்.

வழி சொன்னது டாக்டர் வரதன். "படிக்கக் கத்துக்க வேணாம்மா. உன் பேரு நாலு வெட்டுன்னு வெச்சுக்கோ. காதுல போடறோமே, அந்த மாதிரி. செ ஒண்ணு, ங் ஒண்ணு, கே ஒண்ணு, ணி ஒண்ணு. அந்த நாலு வெட்டு மட்டும் போடு. வேற எந்த எழுத்தையும் நான் உனக்குக் காட்டவே மாட்டேன்." காது வெட்டு என்றதும் செங்கேணி ஒப்புக்கொண்டாள்.

சுப்பிரமணி தன் அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெயருக்குக் கீழே பாம்பு நெளிந்தாற்போல ஒரு கோடு, அதன் வாலில் இரண்டு புள்ளி. செங்கேணி ஒன்பது நாள் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் போட்டுப் பார்த்தாள். செப்டம்பர் பதினொன்றாம் தேதி சாயங்காலம் மார்த்தாள் போய்ப் பார்த்தாள். சுவர் முழுக்க, கோடும் புள்ளியும் ஒன்றுகூடப் பிசகாமல், "மாதிரி செங்கேணி", "மாதிரி செங்கேணி" என்று இருந்தது. சுப்பிரமணி தாளின் தலையில் மாதிரி என்று எழுதியிருந்தார்.

"இன்னாடி இது? மொதல்ல கீறது உம்பேரு இல்லடி."

செங்கேணி சுவரைப் பார்த்தாள். "அது எம்பேரு இல்லியா? அத்த தான் நல்லா போடுறேன்" என்றாள். கோட்டையும் புள்ளியையும் எடுத்துவிடலாம் என்று மார்த்தாள் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒரு வார்த்தை போனதே போதும் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை முப்பத்தேழாம் எண் பெட்டை பருவத்துக்கு வந்தது. செங்கேணி மஞ்சள் மூடிக் குச்சியை எடுத்தாள். லாபம் என்று வாய் மூடுவதற்குள் அது வெந்நீரில் இருந்தது. பதினைந்து மரக்காலும் சுப்பிரமணி பக்கத்தில் நின்று தண்ணீருக்குள் பார்த்து, கச்சேரிக் குரலில் இரண்டு முறை படித்தார். அந்த நேரம் அவள் தலையை வேண்டுமென்றே கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். செலுத்தி முடித்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, சேலையில் துடைத்து, உட்காராமல் நின்றபடியே பதிவேட்டின் மேல் குனிந்தாள். டாக்டர் விரலால் கட்டத்தைக் காட்டினார். நான்கு எழுத்தும் கட்டத்துக்குள் அடங்கின. கோடு மட்டும் அடுத்த கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பதினேழாம் பக்கம், மூன்றாம் வரி. தேதியைச் சுப்பிரமணி நிரப்பினார்: 1984 செப்டம்பர் 12, புதன்கிழமை.